கதவக்கா எழுந்துபோன மத்தியானம்

இப்ப நான் சொல்லப்போறது அப்படியே நடந்த கதை. ஒரு எழுத்து பொய் கெடையாது. சரி சரி, வாட்ச்மேன் மாமா, அப்படி மொறைக்காதீங்க. அங்கங்க கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். நான் போனது மூணாங்கிளாஸ் வரைக்கும், அதுலயும் பாதி நாள் கிளாஸுக்கு வெளியதான் நிக்க வச்சாங்க. இழுக்காம பேசுறது எப்படின்னு உள்ள சொல்லிக்குடுத்திருப்பாங்க போல, எனக்குக் கேக்கல. தண்ணி லாரி மச்சான், குப்பை வண்டிக்காரரே, டீயைக் குடிங்க, நடுவுல வாயைத் தொறக்காதீங்க.

கதவக்காவை உங்களுக்கே தெரியும். நம்ம நகரசபையில, பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைங்க வீடு தேடிப் போய் என்ன ஏதுன்னு பாக்குறவங்க. அவங்களை வேன்ல ஏத்திட்டு ஊரெல்லாம் சுத்துறது நான். அவங்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாங்கன்னா, நாலாவது தெருவுல படுத்திருக்கிற நாய் எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிடும். அதனாலதான் பிள்ளைங்க கதவக்கான்னு பேரு வச்சுது. அவங்களுக்கும் அந்தப் பேரு பிடிக்கும். போன்ல கூட, "நான் கதவக்கா பேசுறேன்"னுதான் சொல்லுவாங்க.

கல்யாணம் கட்டல. ரெண்டு தங்கச்சிங்களைப் படிக்க வச்சு, வேலையில சேத்து, வழியனுப்பிட்டு, ஒத்தை ரூம்ல இருக்காங்க. மத்தியானச் சாப்பாடு நம்ம வேன் பின் சீட்டுலதான். நான் பள்ளத்துல விட்டா, "தம்பி, நீ ஓட்டுறியா, இல்ல என் சோத்தைப் பிசைஞ்சு குடுக்கிறியா"ன்னு கேப்பாங்க.

யாரையும் அதட்ட மாட்டாங்க. வீட்டுக்குள்ள போனதும், குடிக்கத் தண்ணி கேப்பாங்க, அவ்வளவுதான். தண்ணியை யாரு கொண்டாந்து குடுக்கிறாங்களோ அவங்கதான் அந்த வீட்டை நடத்துறாங்கன்னு அர்த்தமாம். என் வீட்டுக்கு வந்தப்ப நான் கொண்டுபோய்க் குடுத்தேன். "உன் சம்சாரம் பாவம்டா, எவ்வளவு நல்லா நடிக்கிற"ன்னுட்டாங்க.

அப்படித்தான் பொத்தான் வீட்டுக்குப் போனோம். சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைச்சுக் குடுக்கிற அம்மா, ஒரே பொண்ணு. அப்பா இல்ல. பொண்ணுக்குப் பத்து வயசு இருக்கும். ரொம்ப நாளா பள்ளிக்கூடம் பக்கமே வரல. அக்கா தண்ணி கேட்டாங்க. அந்தப் பொண்ணுதான் கொண்டு வந்துச்சு. ஆனா அம்மா மேல வச்ச கண்ணை எடுக்காமலே கொண்டு வந்துச்சு. பாதித் தண்ணி தரையில.

"ஏம்மா ராசாத்தி, அம்மாவைத் திருடன் தூக்கிட்டுப் போயிடுவானா?"ன்னு கேட்டேன் நான்.

அது சிரிக்கல. "அம்மாவுக்கு வலிப்பு வரும். வந்தா தலைக்குக் கீழ கை குடுக்கணும், ஒருக்களிச்சுத் திருப்பணும். நான் ஸ்கூலுக்குப் போயிட்டா யாரு குடுப்பா?"

அக்கம்பக்கம் எல்லாம் காலையிலயே வேலைக்குப் போற ஜனம். பகல்ல அந்தத் தெருவுல பூனை கூட இருக்காது. சித்தி ஒருத்தி இருக்கா, அவளுக்கும் லாண்டரியில பகல் வேலை.

கதவக்கா தண்ணி டம்ளரைக் கீழ வச்சாங்க. அப்புறம், "நான் குடுக்கிறேன். நீ போ"ன்னாங்க.

விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். மறுநாள் பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்கு முன்னால, "தம்பி, என்னைப் பொத்தான் வீட்டுல எறக்கி விடு"ன்னாங்க. இப்படி வீட்டுல ஆள் இல்லாம நிக்கிற பிள்ளைங்களுக்கு உதவி ஆள் அனுப்புற பிரிவு ஒண்ணு நகரசபையிலயே இருக்கு. கேட்டா அனுப்பணும். ஆனா கமிட்டி கூடி, சரின்னு சொல்லணும். அது கூடுறதுக்குள்ள மலையே நடந்து வந்து ஒரு தடவை டீ குடிச்சுட்டுத் திரும்பப் போயிடும். அது வரைக்கும் நான் இருக்கேன்னுட்டாங்க அக்கா. மத்த வீடுங்களை விடியக்காலையிலயும் சாயங்காலமும் பாத்தாங்க. அக்காவுக்கு மேல இருக்கிற ஆபீஸ் மேடம் கூப்பிட்டுத் திட்டினாங்க. அக்கா ஒரு காதுல கூட வாங்கல.

அந்த அம்மா இருக்கே, என்னைத் தூக்கிச் சாப்பிடுற வாய். அக்காவுக்கும் பொத்தான் தைக்கச் சொல்லிக்குடுத்துச்சு. அக்கா தைச்ச சட்டையைத் தூக்கிப் பாத்து, "இதைப் போடுறவன் ஒரு தோளைத் தூக்கிட்டே நடக்கணும்"னு சொல்லும். ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தெருமுனையில நிக்கிற என் வேனுக்குக் கேக்கும். இது இழுக்கல. நெசமாவே கேக்கும்.

நடுவுல ரெண்டு மூணு தடவை வலிப்பு வந்துச்சு. அக்கா தலையைப் பிடிச்சாங்க. பொண்ணு சாயங்காலம் வந்ததும் மொதல்ல அம்மாவைப் பாக்கும், அப்புறம் அக்கா கையைப் பாக்கும். அப்புறம்தான் பையைக் கழட்டும். ஒரு நாள் கூட லீவு இல்ல. பின் பெஞ்சுல இருந்து முன் பெஞ்சுக்கு வந்துடுச்சு.

ஒருவழியா கமிட்டி கூடுற நாள் வந்துச்சு. அக்கா நேர்ல வந்து எடுத்துச் சொன்னாத்தான் ஆள் தருவோம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்குச் சித்திக்கு லீவு கெடைக்கல. காலையில வேன்ல உக்காந்துட்டு அக்கா யோசிச்சாங்க. "பொண்ணை இன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கச் சொல்லலாமா"ன்னாங்க. அடுத்த நிமிஷம் அவங்களே தலையை ஆட்டிக்கிட்டாங்க. "கூடாதுடா. வீட்டுல ஒரு ஆள் இருந்ததால இந்தப் பொண்ணு ஒரு நாள் கூட விடாம வருதுன்னுதானே அங்க போய்ச் சொல்லப் போறேன். இன்னிக்கு வரலேன்னா, நீங்க இருந்தும் வரலையேம்மான்னு கேப்பாங்க."

அந்த அம்மாவும் அதையேதான் சொல்லுச்சு. "போய்ட்டு வாங்கக்கா. என் வலிப்புக்கு உங்களைக் கண்டா பயம். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கும்." மத்தியானம் அக்கா எழுந்து கெளம்பினப்ப வாசப்படி வரைக்கும் வந்து, சட்டையும் ஊசியுமா கையை ஆட்டுச்சு.

அக்கா பேசினாங்க. எப்படிப் பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் வெளியில இருந்தேன். ஆனா வெளிய வந்தப்ப மொகம் அப்படி மலந்திருந்துச்சு. "குடுத்துட்டாங்கடா. நாளைக்கே ஆள் வருது. ஓட்டு, அவகிட்டச் சொல்லணும்." நான் அன்னிக்கு ஓட்டின ஓட்டத்துல வேன் டயர் தரையில பட்டுச்சான்னே தெரியல.

கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ள குழாய் ஓடுற சத்தம். அக்கா கூப்பிட்டுட்டே போனாங்க. அப்புறம் கூப்பிடல.

பின்பக்கம், குழாயடியில. வலிப்பு வந்து விழுந்து கெடந்துச்சு அந்த அம்மா, தொட்டித் தண்ணிக்குள்ள மொகம். அக்கா உக்காந்து, திருப்பி, தலையைத் தூக்கி மடியில வச்சு, கீழ கையைக் குடுத்தாங்க. இதெல்லாம் முன்னாடியே செஞ்சிருக்க வேண்டிய வேலை. நான் போய்க் குழாயை மூடினேன். அதைத் தவிர எனக்குச் செய்ய ஒண்ணும் இல்ல.

பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுபோய் விட்டே பழக்கப்பட்டவங்க, அன்னிக்கு முத முதலா ஒரு பிள்ளையை வெளிய கூட்டிட்டு வரப் போனாங்க. நானும் பின்னாலயே போனேன். கிளாஸ் வாசல்ல நின்னாங்க. டீச்சர் பாடத்தை நிறுத்தினாங்க. முன் பெஞ்சுல இருந்த அந்தப் பொண்ணு நிமிந்து பாத்துச்சு. அக்கா வாயைத் தொறக்குறதுக்குள்ள கேட்டுச்சு:

"நீங்க இங்க இருக்கீங்களே. அப்ப அங்க யாரு இருக்கா?"

மறுநாள் அந்த உதவி ஆள் சொன்ன நேரத்துக்குப் பையோட வந்து நின்னாங்களாம். பாவம், அவங்களுக்கு யாரும் சொல்லல.

பொண்ணு இப்ப சித்தி வீட்டுல. திரும்பவும் பள்ளிக்கூடம் வரல. நான் சித்தியை லாண்டரியில பாத்தேன். "அவ என்னை விட்டு நகர மாட்டேங்குறா அண்ணே. இங்கயும் கூடவே வர்றா. துணியெடுக்க நான் குனிஞ்சா போதும், ஓடி வந்து என் தலைக்குக் கீழ கையை வைக்கிறா. எனக்கு ஒரு நோவும் இல்லடின்னு சொல்லியும் பாத்துட்டேன்"னு அழுதா. 

இந்த வாரத்துக்குள்ள வரலேன்னா பள்ளிக்கூடத்துல பேரை எடுத்துடுவாங்க. வேற யாரையாவது அனுப்புறேன்னு மேடமே சொன்னாங்க. அக்கா ஒத்துக்கல. ரெண்டு தடவை நான்தான் கூட்டிட்டுப் போனேன். எறங்குறாங்க, சித்தி வீட்டுக் கதவு வரைக்கும் போறாங்க, நிக்கிறாங்க. கை மேல போக மாட்டேங்குது. திரும்பி வந்து வேன்ல உக்காந்துக்கிறாங்க. இப்பவும் இந்த டீக்கடைக்கு மேல ஆபீஸ்லதான் இருக்காங்க. எறங்கி வந்ததும் திரும்பப் போகணும்.

நான் சொல்லி முடிச்சதும், "போகக் கூடாது"ன்னாரு வாட்ச்மேன் மாமா. "எந்த மூஞ்சியை வச்சுட்டுப் போய் நிப்பா? அந்தக் குழந்தைக்கு அன்னிக்கு நடந்தது திரும்ப நடந்த மாதிரி இருக்காதா?"

"வேற யாரு போனாலும் அது வராது மாமா"ன்னான் தண்ணி லாரி. "அதுகிட்டக் கை குடுக்கிறேன்னு சொன்னது இவங்கதானே."

"சொல்லிட்டு விட்டுட்டுத்தானே போனா," குப்பை வண்டிக்காரர் டம்ளரைக் கீழ வச்சாரு. "ஒரு நாள் பொண்ணை வீட்டுல உக்கார வச்சிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

"வச்சிருந்தா உதவி கெடைச்சிருக்குமாய்யா?"ன்னான் தண்ணி லாரி.

"கெடைச்சு என்னத்தைக் கிழிச்சுது? அவளுக்கு ஒரு உசிரை விட அட்டெண்டன்ஸ்தான் பெருசாப் போச்சு."

"யோவ், மெதுவா. மேல ஜன்னல் தொறந்திருக்கு, அக்காவுக்குக் கேக்கும்"னேன் நான்.

"கேக்கட்டுமே."

"என்னய்யா கேக்கட்டும்? அத்தனை நாள் அந்த வீட்டுல போய் உக்காந்திருந்தது யாரு, நீயா?" தண்ணி லாரி எந்திரிச்சுட்டான்.

"உக்காருடா. மாமா, இவனைப் பிடிங்க"ன்னேன்.

"என்னை எதுக்குப் பிடிக்கச் சொல்ற? நானும் தண்ணி லாரி சொல்றதைத்தான் சொல்றேன்"னாரு மாமா.

"நீங்க போகவே கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

"போகக் கூடாதுன்னேன். தப்பு அவ மேலன்னு சொன்னேனா?"

"சட்டையை விடுய்யா," தண்ணி லாரி பிடியில குப்பை வண்டிக்காரர் கத்தினாரு.

"நீ மொதல்ல சொன்னதைத் திரும்ப வாங்கு."