கோழி அடைப்பின் மேல் வைத்த சனிக்கிழமைச் சோறு

எங்கள் வீட்டில் கோழி வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்காத வீடு இது. எங்கள் பகுதியில் நான்கு பேட்டுக்கோழி வரை வைத்திருக்கலாம் என்று நகரசபை விட்டிருந்த காலத்தில், மகள் போய்ப் பதிந்துவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னாள். அடுத்த கிழமை ஒஷாவா நகரத்துக்கு அங்காலே ஒரு பண்ணையிலிருந்து, காரின் பின்சீற்றில், மண்ணிறத்தில் நான்கும் வந்து இறங்கின.

"முட்டையை எடுங்கோ, என்னவும் செய்யுங்கோ. உதுகளில ஒண்டு இந்த வளவில செத்துதெண்டு நான் கேக்கக்கூடாது" என்று தகப்பனுக்கும் மகளுக்கும் சொன்னேன். சுவாமி அறையில் விளக்கேற்றும்போது பிள்ளையாரிடமும் அதையே சொன்னேன். வந்த உயிர்களை நீதான் பார்த்துக்கொள் என்று.

இரவில் அடைய ஒரு மரக்கூடும் கூடவே வந்தது; பகலில் கோழிகள் உலாவ அதன் வாசலோடு சேர்த்து ஒரு கம்பி அடைப்பு வேண்டுமாம். மகள் தாளில் கீறிக் கொண்டுவந்தாள். நீளம் பதினாறு அடி, அகலம் எட்டு அடி, ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம். இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாலு கோழிக்குப் பதினாறு அடியோ? வந்த புதிசில சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டில நாங்கள் ஆறு பேர் படுத்த அறை இவ்வளவு வராது."

"அதுவும் ரோங்தானே அப்பா" என்றாள் மகள்.

தொழிற்சாலையில் முப்பது வருடம் மெசினோடு நின்ற மனிதருக்கு ஒரு பிள்ளை கணக்குச் சொல்லலாமா? பாதி நீளம், பாதி அகலம், என் இடுப்பளவு உயரத்தில் ஒன்றைச் செய்து முடித்தார். உள்ளே கூட்டித் துப்புரவாக்க வேண்டியவள் நான். முழங்கால் வருத்தத்தோடு தவழ்ந்து போய்த் தவழ்ந்து வரவேண்டும். கம்பி, ஷெட்டில் கிடந்த மெல்லிய கோழிவலை. இரவில் கோழி பிடிக்க வருகிற ரக்கூன் என்ற மிருகம் அதற்குள்ளால் கை விடும், இழுத்துக் கிழிக்கும் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். கதவுக்கு ஒரேயொரு கொளுக்கி. "ரக்கூனுக்குக் கொளுக்கி திறக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்று இந்த நகரத்தில் குப்பைத்தொட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். மேற்பக்கம் தட்டையாக, கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. இவருக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமைகளில் விரதமிருந்து, நெய்யும் எள்ளும் போட்ட சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். முந்தி, பின்கதவுக்கு வெளியே நாங்கள் இருக்கிற மரத்தளமான டெக்கின் கைபிடிமேல் வைப்பேன். கதிரையெல்லாம் எச்சம் என்று இவர் புறுபுறுப்பார். அதனால் சோற்றை அடைப்பின் மேலே மாற்றினேன். கோழிகளைப் பார்க்க வருகிற காகங்களுக்கும் அது வசதி. காகம் இரண்டு கொத்துக் கொத்தினால் என் மனம் ஆறிவிடும், உள்ளே போய்விடுவேன். மிச்சத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை தீனி போடப் போனேன். மூன்று கோழிகள் கூட்டுக்குள் ஒடுங்கியிருந்தன. நான்காவது வலையோரத்தில் கிடந்தது. வலை பிய்ந்து, இறகும் இரத்தமுமாய், தலைப்பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் அதைத் தான் உடுத்திப் பழசான சாரமொன்றில் சுற்றி வேலியோரம் புதைத்தார். நான் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. விளக்கேற்றப் போனபோது பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு இவரை ஏசிப் பேசத் தொடங்கினேன். சமைக்கும்போது பேசினேன், காரில் பேசினேன், கோயில் மடப்பள்ளியில் நாலு பேருக்கு முன்னாலும் பேசினேன். "இவற்ற கம்பி அடிச்ச மூளையாலதான் ஒரு உயிர் போச்சு" என்றேன். இவர் வாயே திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, மகள் கீறினபடியே புதிதாகக் கட்டினார். பதினாறுக்கு எட்டு. விரல் நுழையாத அரை அங்குலச் சதுரத் தடித்த கம்பிவலை. எந்த மிருகமும் தோண்டிக்கொண்டு நுழையாதபடி, அடியில் வெளிப்பக்கமாக இரண்டடி வலையை மண்ணுக்குள் படுக்கவைத்து மேலே கல் அடுக்கினார். மேலேயும் வலை, அதன்மேல் பனி வழுக்கி விழச் சரிவாகப் பிளாஸ்ரிக் தகடு. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். உள்ளே ஏறியிருக்கக் கொம்புகள், மண்குளிக்கச் சாம்பலும் மணலும் நிரப்பிய பெட்டி. இப்போது நான் நிமிர்ந்து நின்று கூட்டலாம்.

அதற்கும் குறை சொன்னேன். சோறு வைக்கக் கதிரை போட்டு ஏற வேண்டியிருக்கிறதே என்று.

இவ்வளவு செய்தும் தொல்லை நிற்கவில்லை. ஞாயிறு காலைகளில் தகட்டிலும் வலையிலும் சேற்றுக் கைத்தடங்கள், சின்னப் பிள்ளையின் கைகளைப் போல. கோழிகள் வெருண்டு, முட்டையும் குறைந்துவிட்டது. "எத்தினை தரம் கட்டினாலும் இவர் கட்டினா உப்பிடித்தான்" என்றேன்.

மகள்தான் கேட்டாள். "அம்மா, வை ஒன்லி சண்டே?" கேட்டுவிட்டு ஒரு கமராவைப் பூட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலைத் தேத்தண்ணியோடு மூன்று பேரும் அவளுடைய போனைப் பார்த்தோம். தகட்டின்மேல் ஒரு கொழுத்த ரக்கூன் இருந்து, என் எள்ளுச் சோற்றை இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டது.

"விரதகாரர் போல கிடக்கு. வடிவாய் இருந்து சாப்பிடுறார்" என்றார் இவர்.

சாப்பிட்டு முடித்து இறங்கி, வலையைச் சுற்றி ஒவ்வோர் இடமாகக் கைவைத்து இழுத்துப் பார்த்தது. மகள் என்னைப் பார்த்தாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கோழி செத்ததும் ஞாயிறு காலைதான். முதல்நாள் என் சோறு அதன் தலைக்கு மேலேதான் இருந்தது. எல்லோருக்கும் விளங்கியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரக்கூனில் கோபம், இரண்டு கொத்தோடு எழும்பிப் பறக்கிற காகத்தில் கோபம், ஏழரை வருடம் நிற்கிற சனீஸ்வரனில்கூடக் கோபம். கோயில் ஐயரிடம் கேட்டேன். காகம் எடுக்குமட்டும் பக்கத்தில் நில்லுங்கோ, பிறகு மிச்சத்தை அள்ளிவிடுங்கோ என்றார். இப்போது சனிக்கிழமைகளில் முன்வாசற்படியில் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, ஜக்கெற்றும் தொப்பியுமாய் ஒரு காகத்துக்காகக் காத்து நிற்கிறேன். சேற்றுக் கைகள் இல்லை. மூன்று கோழிகளும் நிலத்துக்கு இறங்கி உலாவுகின்றன.

ஆனால் இவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தை மாதத்தில் ஒருநாள் அடைப்பின் கூரையில் பனி ஏறிவிட்டதென்று இருவரும் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றோம். அப்போதுதான் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கோழி போனது என்னாலதான்."

இவர் பனியைத் தள்ளிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"கோழியைப் புதைக்க எடுத்த அண்டைக்கே. மேல் வலையில சோறு ஒட்டிக் கிடந்தது."

"அப்ப ஏன் சொல்லேல்லை? ஊர் முழுக்க உங்களையெல்லோ பேசித் திரிஞ்சன்."

"சொன்னா நீர் சோறு வைக்கிறதை விட்டிடுவீர். வலை நல்லதெண்டா சோறு இருந்தாலும் ஒண்டும் செய்யாதெண்டு நினைச்சன். அந்த வலை என்ர பிழைதானே."

மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் இந்த மனிதர் என் வாயைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சண்டை பிடித்திருந்தால் நான் அன்றைக்கே அறிந்திருப்பேன், மிச்ச மூன்றும் பயந்திருக்கத் தேவையில்லை. அதையும் சொன்னேன். நல்லாக உறைக்கச் சொன்னேன். மடப்பள்ளியில் யார் யார் முன்னால் பேசினேனோ அவர்களிடமும் போய்ச் சொல்வேன் என்றேன்.

"அதுகளை விடும். மற்றப் பக்கத்தைத் தள்ளும், தகடு வளையுது" என்றார்.

நான் மற்றப் பக்கம் போய்ப் பனியைத் தள்ளினேன்.