அண்ணனின் சைக்கிளில் ஒரு பங்குனி

பொம்மிடியில் ரயிலடிக்குப் போகும் தெருவில் எங்கள் ஜவுளிக்கடை இருந்தது. எங்கள் என்றால் எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் பொது. அவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். முப்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. பொங்கலுக்குத் துணி எடுக்க வரும் கூட்டம் ஓய்ந்துவிட்டால், சித்திரையில் கல்யாணச் சேலைக்கு ஆள் வரும்வரை கடையில் ஈ ஓட்டத்தான் வேலை. மாசியும் பங்குனியும் அப்படிப்பட்ட மாதங்கள். கடைக்கு ஒருவர் போதும். அந்த ஒருவர் எப்போதும் நானாகவே இருந்தேன்.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடுவார். தனியாகத்தான் போவார். கடையில் விற்காமல் கிடந்த கித்தான் துணியைத் தானே தைத்து ஒரு சின்னக் கூடாரம் செய்து வைத்திருந்தார். அதைச் சுருட்டிப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு சட்டி, வறுத்த கேழ்வரகு மாவு, வெல்லம், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு போர்வை. அவ்வளவுதான். எங்கே இருட்டுகிறதோ அங்கே கூடாரம் அடிப்பார்.

அந்தக் காலத்தில் காரணம் இல்லாமல் யாரும் தனியாக ஊர் ஊராகப் போகமாட்டார்கள். போனால் யாத்திரை போவார்கள், இல்லையென்றால் பெண் பார்க்கப் போவார்கள். "வேண்டுதலுங்களா?" என்று கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். "அதெல்லாம் இல்லீங்க, சும்மாத்தான்" என்பேன். "சும்மாவா?" என்று அவர்கள் ஆச்சரியப்படும்போது அந்த ஆச்சரியமும் அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. துணியை அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்னை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வரும் நாள் இன்னும் மோசம். முகம் கறுத்து, தாடி வளர்ந்து, வேட்டியெல்லாம் செம்மண்ணோடு வந்து கடை வாசலில் சைக்கிளைச் சாய்ப்பார். குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தால் தெருவே கூடிவிடும். மலை அடிவாரத்தில் புரசு பூத்திருப்பதைச் சொல்வார், இலையே இல்லாமல் மரம் முழுக்க நெருப்புப் பிடித்த மாதிரி என்று. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்ததைச் சொல்வார். ஒரு கிராமத்தில் இவரை அம்மை குத்த வந்தவர் என்று நினைத்து எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டதைச் சொன்னபோது, ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட ரயிலை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். கணவனின் அண்ணனோடு நேராகப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் கதை பாதியில் நின்றால் கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் வரும். நான் எழுந்து போவேன். "அந்தக் கொழந்தைங்களை அப்புறம் வெளிய உட்டாங்களான்னு கேளுங்க" என்பாள். நான் வந்து கேட்பேன். அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்டு அவள் உள்ளே சிரிப்பாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்றுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

எனக்கு வயிறு எரியும். அதை வேறு மாதிரி நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருடைய கறுத்த முகம், சைக்கிள், கித்தான் துணி எல்லாவற்றின் மேலும் பொறாமைதான். கடையில் உட்கார்ந்து மதிய வெயிலில் காலியான தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் இந்நேரம் எந்த மரத்தடியில் படுத்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன். யோசிக்க யோசிக்க அந்த மரத்தின் நிழல் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஒரு வருடம் அண்ணிக்குப் பங்குனியில் பிரசவம் என்று ஆயிற்று. அவரால் கிளம்ப முடியவில்லை. ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கும்போது, "இந்த வருசம் நீ போய்ட்டு வாடா" என்றார்.

"நானா?"

"ஏன், உனக்கு ஆசையில்லையா? நான் போறப்பல்லாம் உன் மொகத்தைப் பாத்திருக்கேன்."

அவர் என் முகத்தைப் பார்த்திருந்தார் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் மறுக்கவில்லை. கூடாரம் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். எங்கே தண்ணீர் நல்லது, எந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். காதில் வாங்காத மாதிரி கேட்டுக்கொண்டேன். விடிந்ததும் கிளம்பினேன். என் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்து, "பாத்துப் போங்க" என்றாள். தெருமுனை திரும்பும்வரை எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தப் பங்குனியில் கடையில் உட்கார்ந்திருப்பது அவர்.

அந்தச் சந்தோஷம் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும்தான். அங்கே காப்பிக் கடையில் சைக்கிளை நிறுத்தியதுமே கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது அவரு வண்டியாச்சுங்களே. அவரு வரலீங்களா?"

"நான் அவரு தம்பி."

"அப்படிங்களா? அவரு வந்தா நேரம் போறதே தெரியாதுங்க" என்றார். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார். நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். போய்விட்டார்.

சித்தேரி மலையடிவாரத்தில் இன்னும் கஷ்டமாகப் போயிற்று. அங்கே மலையிலிருந்து இறங்கி வந்து புளி உலுக்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தது. நான் அவர் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் வாடியதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் விடவில்லை. தினைமாவும் தேனும் கொடுத்தார்கள். ஓடையோரம் ஒரு தட்டையான பாறையைக் காட்டி, "இங்கதாங்க அடுப்பு வெப்பாரு. அவரு பாறைன்னுதான் நாங்க சொல்றது" என்றார் அந்த வீட்டுக்காரர். பாறையில் கரி படிந்த தடம் இருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே நானும் சட்டியை வைத்தேன். வேறு இடம் பார்க்கலாம் என்றால் வேறு எங்கும் சமமாக இல்லை. எல்லாவற்றிலும் நல்லதைத்தான் அவர் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தார்.

கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா ஒரு மூங்கில் குழாயில் தேன் அடைத்துக் கொடுத்தாள். "உங்களுக்கில்லீங்க, அவருக்கு" என்றாள். எனக்கென்று கேட்க வாய் வரவில்லை.

அரூரிலும் இதே கதைதான். ஒரு சைக்கிள் கடையில் காற்று அடிக்க நின்றால் அங்கேயும் அவரை விசாரித்தார்கள். தீர்த்தமலைக்குப் போகும் பாதையில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியிருந்தது. அவர் கால் படாத இடம் ஒன்று வேண்டும். ரோட்டை விட்டு, மாட்டுவண்டித் தடம் ஒன்று மேற்கே பிரிந்தது. அது எங்கே போகிறது என்று கேட்காமல் திருப்பினேன். கேட்டிருந்தால், "அவரு அந்தப் பக்கம்தான் போவாரு" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

தடம் கரம்பிலும் புதரிலும் நுழைந்து நுழைந்து போயிற்று. வேலமுள் குத்தி முன்சக்கரம் இறங்கிவிட்டது. வெயிலில் உட்கார்ந்து ஒட்டினேன். சரியாக ஒட்டவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு சின்ன ஏரி வந்தது. தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. கரைக்குக் கீழே பெரிய பெரிய இலுப்பை மரங்கள். காற்றே தித்திப்பாக இருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்தார்.

"இந்தச் சைக்கிளை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் சைக்கிளே வந்ததில்லீங்க" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மரத்தடியில் கூடாரம் அடித்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். விடியற்காலையில் சப்புக்கொட்டிச் சாப்பிடும் சத்தம் கேட்டுக் கண் திறந்தது. முதலில் மாடு என்று நினைத்தேன். கித்தான் துணியை விலக்கிப் பார்த்தால், வெளுத்து வரும் வெளிச்சத்தில், நாலு எட்டு வைத்தால் தொடும் தூரத்தில் ஒரு கரடி. உதிர்ந்து கிடந்த இலுப்பைப் பூவைக் குனிந்து குனிந்து மண்ணோடு உறிஞ்சித் தின்றுகொண்டிருந்தது.

அதற்கு அந்தப்பக்கம், அடுத்த மரத்தடியில், கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பூப் பொறுக்க வந்தவள். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். கையை மட்டும் லேசாக இறக்கிக் காட்டினாள், அசையாதே என்கிற மாதிரி. நான் அசையவில்லை. கரடி என் பக்கம் திரும்பி மூக்கைத் தூக்கியது. சைக்கிளில் தொங்கிய பைக்குள் வெல்லமும் அண்ணனுக்கான தேன் குழாயும் இருந்தன. அது நேராக சைக்கிளிடம் போய்ப் பையைப் பிடித்து இழுத்தது. சைக்கிள் தடாலென்று அதன் மேலேயே சாய்ந்தது. மணி ஒரு தரம் அடித்தது. நாயை மிதித்தால் கத்துமே, அப்படி ஒரு சத்தம் போட்டுவிட்டு, கரடி ஏரிக்கரை மேல் ஏறி, பின்பக்கம் குலுங்கக் குலுங்க ஓடிப்போயிற்று.

அந்தப் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"தெனமும் வருதுங்க அது. நாங்க பொறுக்கினா அதுக்குக் கோவம். நாங்க வந்த பின்னால வந்தா ஒறுமிக்கிட்டு நிக்கும். இன்னிக்குத்தான் அது ஓடி நான் பாக்கறேன்" என்றாள். பிறகு, "நீங்க யாருங்க?" என்றாள்.

நான் யார் என்று அந்தப் பயணத்தில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. என் ஊரைச் சொன்னேன், கடையைச் சொன்னேன். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கூடையிலிருந்து ஒரு கை பூவை எடுத்து என் துண்டில் போட்டாள்.

ரோடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பஞ்சரைச் சரியாக ஒட்டிக்கொண்டு, மொரப்பூர் வழியாக வீடு திரும்பினேன். வழியெல்லாம் கரடியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கே நிறுத்த வேண்டும், மணியை எப்போது அடிக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வந்தபோது அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்த்துவிட்டு, தேனை அவரிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கடையில் உட்கார்ந்தேன். தெரு கூடியது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

சொன்னேன். ஆனால் வழியில் சொல்லிப் பார்த்த மாதிரி வரவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "ஒரு கரடி வந்துச்சு, சைக்கிளைத் தள்ளிட்டு ஓடிப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. "அப்படியா" என்றார்கள். அண்ணன்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மரம், எவ்வளவு தூரம், பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா, அந்தப் பொண்ணு என்ன சொன்னா. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நான் தறிக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடையில் கூட்டம். உள்ளே அண்ணன் கரடியாக மாறிப் பூ உறிஞ்சிக்கொண்டிருந்தார். சப்புக்கொட்டும் சத்தம், மூக்கைத் தூக்குவது, சைக்கிள் விழுவது எல்லாம் அப்படியே இருந்தது. "என் தம்பி அசையலியே, கல்லு மாதிரி இருந்தான்" என்று என்னை வீரனாகத்தான் சொன்னார். ஒரு பொய்யும் இல்லை. மணி அடிக்கும் இடத்தில் கடையே அதிர்ந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் சிரிப்புக் கேட்டது.

வாசலில் நின்று நானும் கேட்டேன். எனக்கு நடந்ததை அவர் வாயால் கேட்கும்போதுதான் அது எவ்வளவு நல்ல கதை என்று தெரிந்தது. அன்றைக்கு எரிந்த மாதிரி என் வயிறு அதற்கு முன்னும் எரிந்ததில்லை, பின்னும் எரிந்ததில்லை.

அடுத்த மாசியில் அவர் கிளம்பத் தயாரானார். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "அந்த ஏரிக்கு எப்படிடா போறது?" என்றார்.

"சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு, "இனிமே ஒரு வருசம் நான், ஒரு வருசம் நீ" என்றார். அதற்குப் பிறகு அவர் கரடிக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது கேட்டாலும், "தம்பிகிட்ட கேளுங்க" என்பார். நான் சொன்னால் அது பழையபடி இரண்டு வரியில் முடிந்துவிடும்.

அவர் எப்படி அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தார் என்பதில்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தத் தடவை போய்விட்டு வந்தவர் கடையில் பேசாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் கேட்டுக் கேட்டுப் போய்விட்டார்கள். என்னை முன்னால் வைத்துக்கொண்டு கதை சொல்ல அவருக்குத் தயக்கம் என்று எனக்குப் புரிந்தது. நியாயமாக எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்தேன். கடை முழுக்கப் புதுத்துணி வாசனையும் சத்தமில்லாத தெருவும்தான் இருந்தன.

"எந்தப் பக்கம் போனீங்கண்ணா?" என்று கடைசியில் நானே கேட்டேன்.

மடித்த வேட்டியை அலமாரியில் வைத்தார். "பென்னாகரம் தாண்டி ஆத்துப் பக்கம் போனேன்டா" என்றார். "பரிசல்காரன் ஒருத்தன், சைக்கிளைப் பரிசல்ல ஏத்தமாட்டேன்னுட்டான்."

"ஏன்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுப் பக்கக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.