பட்டி பூசிய மோட்டார்

தன் பெயரை எங்கேயாவது எழுதிப் பார்க்காவிட்டால் சீனுவாசனுக்குச் சோறு இறங்காது. பெருமுக்கல் பக்கம் இருக்கும் நிலம் கொஞ்சம்தான். ஆனால் படல் கதவு, மாட்டுத் தொட்டி, மண்வெட்டிப் பிடி எல்லாவற்றிலும் 'பி.சீனுவாசன்' என்று இருந்தாக வேண்டும். அம்மன் கோயிலுக்கு ஒரு தண்ணீர் டிரம் கொடுத்தார். அதில் அம்மன் பெயரைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். இவர் பெயர் ஓடும் பஸ்ஸிலிருந்தே தெரியும். அதில் தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் மனைவி வெள்ளையம்மாள், "தாயே, இந்த மனுஷனை மன்னிச்சுடு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

ஆயுத பூஜை வந்தபோது ஐயாவின் கண் கிணற்று மோட்டார் மேல் விழுந்தது. அதன் உடம்பு முழுக்க வரிவரியாக இரும்பு நிற்கும். எழுத்து அதில் உட்காரவில்லை. 'சீ' மேட்டிலும் 'னு' பள்ளத்திலுமாகப் போனது. விடுவாரா? விழுப்புரத்திலிருந்து வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் ஆளைக் கூட்டி வந்தார். பள்ளங்களையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்து, பச்சை அடித்து, மஞ்சளில் பெயர் எழுதவைத்துப் பூரித்துப் போனார்.

மழைக்காலத்தில் மோட்டாருக்கு வேலை இல்லை. வினை மாசியில் வந்தது. கொல்லையில் போட்டிருந்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பூத்து, ஊசி விட்டு மண்ணில் இறங்கும் நேரம். அப்போது காய்ந்தால் காய் பிடிக்காது. மோட்டாரோ ஓடிய கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டு நின்றது. ஆறவிட்டுப் போட்டாலும் அதே கதை. குனிந்து குனிந்து களையெடுத்த வெள்ளையம்மாள் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள்.

"எவனோ கண்ணு வெச்சிட்டான்மே. பேரு பளபளன்னு கீதில்ல, வயித்தெரிச்சலு," என்றார் சீனுவாசன். "ஜல்தியா திண்டிவனம் போயி ஒரு பூசணிக்கா வாங்கியா."

"தொட்டுப் பாருங்க, அடுப்பாட்டம் கொதிக்குது."

"மோட்டருன்னா சூடாத்தான் இருக்கும். உனுக்கு இன்னா தெரியும்?"

பூசணிக்காயை வாங்கிய கையோடு, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலைக் கட்டித் தரும் ராயப்பன் கடைக்குப் போனாள். மோட்டார் பக்கத்தில் சீனுவாசன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் படத்தைச் செல்போனில் காட்டினாள். ராயப்பன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது.

"யக்கா, இது மோட்டரா, கல்லறையா? இனிஷியலோட பேரு கீது. தேதி ஒண்ணுதான் பாக்கி!"

"கிண்டல் பண்ணாம சொல்லுப்பா. கொல்லை காயுது."

"அந்த வரியெல்லாம் அழகுக்குன்னு நெனைச்சாரா உங்க ஊட்டுக்காரரு? உள்ள இருக்கற சூடு அது வழியாத்தான் வெளிய போவணும். ஈரப் பொடவைய சுருட்டி வெச்சா காயுமா? விரிச்சுப் போட்டாத்தானே காத்து படும்? அதுமாரிதான் இரும்பையும் வரிவரியா விரிச்சு வெச்சிருக்கான். பின்னாடி ஃபேனு ஊதற காத்து பள்ளத்துல பூந்து சூட்ட வாரிக்கினு போவும். இவரு எல்லாத்தையும் அடைச்சு, கம்பளி போத்தி விட்டுட்டாரு. பட்டியச் சொரண்டி எடுங்க. இப்படியே ஓட்டுனா காயிலு கருகிடும். நான் கட்டித் தர்றதுக்குள்ள உங்க மல்லாட்டையும் கருகிடும்."

வீட்டுக்கு வந்தவள் பூசணிக்காயைத் தடுக்கவில்லை. சாமி காரியத்தில் குறுக்கே பேச மாட்டாள். சீனுவாசன் சுற்றி உடைத்து, கையைத் தட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரம்தான், மோட்டார் நின்றது. வெள்ளையம்மாள் மெயினை அணைத்தாள். களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு மோட்டார் முன் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினாள்.

"ஏய், இன்னா பண்ற? எம் பேருமே அது!"

"தெரியுது. அதைத்தான் எடுத்துக்கினு இருக்கறேன்."

"நாலு பேரு பார்த்தா இன்னா நெனைப்பான்?"

"காய்ஞ்ச கொல்லையையுந்தான் பாப்பான். அதுலயும் பேரு எழுதி வெச்சுடலாமா?"

அந்த மகான் தடுக்கவும் இல்லை, ஒரு கை கொடுக்கவும் இல்லை. மோட்டார் கொட்டாய்க்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டி உதிரும் சத்தத்துக்கெல்லாம் உச்சுக் கொட்டினார்.

பள்ளங்கள் திறந்தன. மோட்டார் ஓடியது, நிற்காமல் ஓடியது. வெள்ளையம்மாள் தொட்டுப் பார்த்தாள். கை தாங்கும் சூடு. மேட்டுப் பாத்திச் செடிகள் ஏற்கெனவே சுருண்டுவிட்டன, அவை போனவைதான். மற்றதையாவது அம்மன் விட்டு வைத்தாளே என்று மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினாள்.

"ஏமே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இனிஷியலையாவது விட்டிருக்கக் கூடாதா?"

வெள்ளையம்மாள் அடுத்த பாத்திக்கு மடையைத் திறந்தாள்.