ஷாமினியோட ஹீலியம் பின்தங்கின கதை

எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி ஷாமினி எங்ககூடத்தான் பண்டமாரான்ல இருக்கா. யுனிவர்சிட்டில பிஎச்டி. ஏழாவது வருஷம். மாசக் கடைசிக்குள்ள தீசிஸ் குடுக்கலைன்னா பேரை எடுத்துடுவோம்னு மெயில் வந்திருச்சு.

படிப்பு இதுதான். கடுகு சைஸ்ல ஒரு உருண்டை. உள்ள ரெண்டு வாயு, டியூட்டீரியம், ஹீலியம்-3. சுத்திலும் லேசர் அடிச்சா உருண்டை நசுங்கும், வாயு கொதிச்சு ஒண்ணோட ஒண்ணு சேரும், சக்தி வரும். அடிக்கிறது வெளிநாட்டுல. இவ கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறா. கேக்குறவங்ககிட்ட "லேசர் வேலை"ன்னுடுவேன். முகப்பருவுக்கான்னு கேப்பாங்க. ஆமான்னுடுவேன்.

ரெண்டு வாயுவையும் தனித்தனியாப் போட்டா கணக்கு ஓடி முடியாது. அதனால சேர்த்து, சராசரியா ஒரே வாயுன்னு வச்சுக்குவாங்க. இவளும் அப்படித்தான். அங்க நிஜமா அடிச்சு அளந்ததை விட விடை கூட வந்தா, கணக்குல லேசரைக் கொஞ்சம் குறைப்பா. உப்பு கூடிப்போனா தண்ணி ஊத்துற மாதிரி.

அன்னைக்குக் காலையில நான் நெத்திலி தலை கிள்ளிக்கிட்டு இருந்தேன். வந்து உக்காந்தா.

"அண்ணி, டியூட்டீரியம் தனக்குள்ள சேர்ற எண்ணிக்கை சரியா வருது. ஹீலியத்தோட சேர்றது மட்டும் கூடுதலா வருது. இதைக் குறைச்சா அது கெட்டுப்போகுது."

"ஏன்?"

"ரெண்டும் ஒண்ணாவே போகும்னு வச்சிருந்தேன். போகல. லங்காட் ரோட்டு லைட்ல பச்சை விழுந்ததும் மோட்டார் சைக்கிள் பறந்திடும், லோரி மெதுவா அசையும் இல்ல? லேசர் கிளப்புற அதிர்ச்சி அலை அடிச்சதும் லேசானது முன்னால ஓடிடுது, ஹீலியம் பின்தங்குது. நடுவுல நான் நினைச்ச கலவையே இல்ல. சூடும் ரெண்டுக்கும் வேற வேற."

"அப்ப இத்தனை வருஷமா செஞ்சது?"

"தப்பு."

நான் அடுத்த நெத்திலிய எடுத்தேன்.

அவ புரொபசர் கமலநாதனுக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டா. "எல்லாரும் சராசரிதான்லா போடுறாங்க. அப்படியே குடுத்திடு" அப்படின்னாரு.

"சாரே சொல்லிட்டாரு, உனக்கென்ன?"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. நானும் அதைத்தான் சொன்னேன்.

"எக்ஸாமினர் கேட்டா, அண்ணி?"

"கேக்க மாட்டான். அவனும் அப்படித்தானே போடுறான்."

"கேக்காம விட்டுட்டாத்தான் பயம்."

நான் சோறு மட்டும் போட்டேன். அவ ஒரே ஒரு சின்ன கணக்கை ரெண்டு வாயுவும் தனித்தனியா ஓட விட்டா. புதுசா ஒரு சாப்டர் எழுதினா. முதல் மூணு சாப்டர்ல இருக்கிற எண்ணெல்லாம் ஏன் தப்புன்னு அதுல இருந்துச்சு. பேரை எடுக்கிறதுக்கு முன்னாடி குடுத்தும் முடிச்சிட்டா.

வாய்மொழித் தேர்வு அன்னைக்கு நாங்க கேன்டீன்ல காத்திருந்தோம். உருளைக்கிழங்கு வச்ச கரிபாப் ஆறிப்போயிருந்துச்சு. சாப்பிட்டேன்.

ஷாமினி வந்தா.

"பாஸ். ஆனா நிறைய திருத்தணும். கடைசி சாப்டரை முதல்ல வைக்கணுமாம். மத்த மூணையும் சுருக்கி, தப்பு எப்படி நடந்துச்சுன்னு காட்ட பின்னால போடச் சொல்லிட்டாங்க."

"அப்ப டாக்டரா இல்லையா?"ன்னாரு இவரு.

"திருத்தினா டாக்டர், அண்ணே."

பின்னாலயே கமலநாதன் சார் வந்தாரு. "எக்ஸாமினருங்க அந்தச் சாப்டரை நான்தான் எழுதச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டாங்க" அப்படின்னாரு.

நான் கேட்டேன், "இல்லைன்னு நீங்க சொன்னீங்களா சார்?"

காப்பி வாங்கிட்டு வரேன்னு போனாரு.