மெதுவாகப் போகிற பாட்டு

போன வாரம் செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் அகப்பட்டார். முன்னால் மேசை மாதிரி ஒரு கிதார், காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல் மிதிகள். பெடல் ஸ்டீல் கிதாராம். புதிதாகக் கற்கிறவர்கள் முதலில் எந்தெந்தப் பாட்டை எடுத்தால் சுலபம் என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி இங்கிலீஷ் புரியவில்லை. ஆனாலும் முழுக்கப் பார்த்தேன். வீட்டில் நான் ஒருத்தன்தான். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை.

அவர் கையிலிருந்த இரும்புத் துண்டைப் பார்த்ததும் என் உள்ளங்கையில் அந்த வாசனை வந்துவிட்டது. வியர்வையும் இரும்பும் கலந்த வாசனை. கல்வராயன் மலைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறியிருந்தால் உங்களுக்கும் தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கிவிட்டால் கம்பியை விட முடியாது. இறங்கியபிறகு எவ்வளவு கழுவினாலும் கையில் அது இருக்கும்.

மலையில் கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். முதல் வேலை. பின்னாலேயே ஓடுபோட்ட இரண்டு அறை, அதுதான் குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி மல்லிகாவும் நானும் எட்டு மாதம் அங்கே இருந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அவளைத் தியாகதுருகத்துக்கு, அம்மா வீட்டுக்கு, அழைத்துப் போய்விட்டார்கள். ஐந்து மணிக்கே பனி இறங்கும் ஊரில் நான் தனியாக நின்றேன்.

என் பள்ளிக்கூடத்து சிநேகிதன் பாஷா, கள்ளக்குறிச்சியில் அவன் அப்பாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டே கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பான். மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் நகர்த்தி வாசிக்கிற ஹவாயன் கிதார். மிதியெல்லாம் கிடையாது. புதிது வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினான்.

"மலைமேல தனியா குந்திக்கினு இன்னாடா பண்ணப்போற? இத்த எடுத்துக்கினு போ."

"மொதல்ல எந்தப் பாட்டுடா கத்துக்கறது?"

"மெதுவா போற பாட்டா பாரு. ஜாஸ்தி ஆசப்படாத. நீ அடுத்த கம்பிக்கு வர்றதுக்குள்ள பாட்டு ஓடிப்பூடக் கூடாது."

நான் எங்கே கேட்டேன்? எடுத்தவுடனே சினிமாப் பாட்டு. மூன்றாம் நாள், ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலிருந்தே கேட்டாள்: "சார், உள்ள எந்த மாடு சார் கத்துது? கன்னு போட முடியலியா?"

நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா, கொஞ்சம் கஷ்டந்தான்" என்று சொல்லிவைத்தேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியதும் அவள்தான். மத்தியானங்களில் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே ஒரு தாலாட்டுப் பாடுவாள். சொல் எதுவும் பெரிதாக இருக்காது, இழுப்புதான். நாலே சுரம். இரும்புத் துண்டுக்கும் இழுக்கத்தானே தெரியும்? பத்து நாளில் கைக்கு வந்துவிட்டது. ஒரு பாட்டு தேறிவிட்டது, நம் பிள்ளை வந்ததும் நானே தூங்கவைக்கிறேன் பார் என்று மல்லிகாவுக்குக் கடிதம் எழுதினேன். எவ்வளவு பெருமை எனக்கு!

அடுத்த வாரம் காலை பஸ் மருந்தகத்தின் முன்னால் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். "சார், உங்க மாமனார் ஸ்டாண்டுல வந்து சொல்லிட்டுப் போனாரு. ஒடனே கெளம்பி வரணுமாம்."

"இன்னா விஷயம்னு சொன்னாரா?"

"நீங்க மொதல்ல ஏறுங்க சார்."

நான் துருகம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விடிகாலையில் பிறந்த பெண்குழந்தை, வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது. ஏரிப் பக்கம் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு ஆண்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் முகம் பார்க்கவில்லை. மல்லிகா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்து அவளை மலைக்கு அழைத்துவந்தேன். கிதாரைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். இருவரும் அதிகம் பேசுவதில்லை. உப்பு போதுமா, பஸ் வந்ததா, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே தூறல். பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றால் அந்தச் சாக்கை வெளியே இழுத்தாள்.

"இதானா அது? வாசிங்க."

"எனக்கு ஒரு பாட்டுதான் தெரியும், மல்லி."

"தெரியும். அதான் எழுதியிருந்தீங்களே. வாசிங்க."

மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் வரியில் தப்பான இடத்தில் இரும்பை நிறுத்திவிட்டேன். அவள் முனகிக் காட்டினாள். பக்கத்து வீட்டுத் தூளிப் பாட்டை அவளும் எட்டு மாதம் கேட்டவள்தானே. சரியான இடத்துக்குப் போனேன். அப்புறம் அவள் பாடவே ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் சொற்கள் இல்லை. துருகத்தில் படுத்திருந்த நாட்களில் அவளாகவே கட்டியவை போலிருந்தது. மலை வந்தது, பஸ் வந்தது, நடுவில் ஒரு பெயர் வந்தது. பெண்ணின் பெயர். நானோ அடுத்த சுரம் தப்பிவிடப் போகிறதே என்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது என்ன பெயர் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அழுவாளே என்று பயம். பிறகு கேட்காமலிருப்பதே பழக்கமாகிவிட்டது. மகன் பிறந்தான், மாற்றலாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தோம், வீடு கட்டினோம். அவனுக்கு அவள் அந்தப் பாட்டைப் பாடியதேயில்லை. இரண்டு வருஷமாகிறது அவள் போய். மகன் பெங்களூரில் இருக்கிறான். ஓடுபோட்ட குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. பாஷாவும் இல்லை.

அந்த வெள்ளைக்காரரைப் பார்த்த மறுநாள் பஸ் ஏறித் துருகம் போனேன். மல்லிகாவின் தங்கை அந்தப் பழைய வீட்டில்தான் இருக்கிறாள். காபி கொடுத்தாள். ஏரிப் பக்கம் அடக்கம் பண்ணியது எந்த இடம் என்று கேட்டேன். அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா அந்தக் கொழந்தைக்கு ஏதாவது பேரு சொல்லிச்சா?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பொறந்த அன்னிக்கே போன கொழந்தைக்கு யாரு மாமா பேரு வச்சாங்க?"

வைத்திருந்தாள். உலகத்தில் அதைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். சரியாகக் கேட்கவில்லை.