தபால் மூட்டைக்கு ஒரு பைலட்

காஜா பெராங்கில் ஒரு நாசி லெமாக் சோற்றுக் கடை வாசலில், பெட்டியோடு விமான நிலைய வண்டிக்காகக் காத்திருக்கிறேன். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்குகின்றன. நாளை பினாங்கில் தங்கைக்குக் கல்யாணம். விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதும் கிராணி சைக்கிளில் வந்து இறங்குகிறார்.

"சார், ரெண்டாவது பைலட்டுக்குக் காய்ச்சல். ஆள ஏத்துனா ரெண்டு பேரு ஓட்டணும், அதான் ரூல். இன்னிக்கு தபால் மட்டும்தான் போவுது. அதுக்கு ஒருத்தர் போதும்."

"ஒருத்தரால ஓட்ட முடியும்னா என்னையும் ஏத்தலாமே!" எனக்குக் கோபம் வருகிறது.

"மேல போயி அவருக்கு மயக்கம் வந்துட்டா, உங்கள யாரு சார் எறக்குறது?"

நியாயம்தான். தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். டாக்சி கிடைக்குமா என்று கேட்கிறேன்.

கடைக்கார அம்மா கம்போங் செட்டிக்காரர்; பழைய தமிழ் வம்சம்தான், ஆனால் தமிழ் தெரியாது. என்ன விஷயம் என்று விசாரிக்க, கிராணி மலாய் மொழியில் விளக்குகிறார். அந்த அம்மா வாழையிலையை மடித்தபடியே கேட்கிறார்: "டியா பூன் ஓராங், கான்?"

தனியாகப் போகிற அந்த பைலட்டும் மனுஷன்தானே என்கிறார்.

சற்று நேரத்தில் தபால் விமானம் தலைக்கு மேலே வடக்கு நோக்கிப் போகிறது. அதன் சத்தம் சீராகக் கேட்கிறதா என்று மூவரும் அண்ணாந்து நிற்கிறோம்.