பாக்கெட் ரிவால்வருக்கு ஒரு பாக்கெட்

டம்மி துப்பாக்கி வாடகைக்கு விடும் கடையில் முதல் குண்டு பாய்வது விவரம் தெரிந்தவள் மேல்தான்.

நான் எம்.ஏ. வரலாறு. சனி, ஞாயிறுகளில் தாராவியில் அண்ணாச்சி கடையில் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவால்வர்களை மரத்திலும் ரெசினிலும் அச்சு அசலாகச் செய்து நாடகம், சீரியல்காரர்களுக்குக் கொடுப்பார். எல்லாம் பெரிய சைஸ். அது வரலாற்றுக்கே அநியாயம் என்று நான் மூன்று வாரம் வாதாடியதில், சலித்துப்போய் ஒரு சின்னதும் செய்தார். நிபந்தனை: தீபாவளிக்குள் அதை ஒருத்தராவது வாடகைக்கு எடுக்காவிட்டால் அதை வார்த்த அச்சும் குப்பைக்குப் போகும், என் வேலையும் போகும். வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வற்றிய தோழர்களே, உங்களுக்குப் புரியும்.

அண்ணனும் தம்பியும்

பாண்டுப்பிலிருந்து வந்த நாடகக் குழுச் செயலாளருக்கு இரண்டையும் எடுத்து வைத்து விளக்கினேன். அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஒரே மாடலை இரண்டு அளவில் செய்தன. பெரியது குதிரைப்படைக்காரன் இடுப்பில் தொங்க, சின்னது டவுன்காரன் கோட்டுப் பையில் ஒளிய. பெரியதில் ஆறு குண்டு, சின்னதில் பெரும்பாலும் ஐந்து. கால் மணி நேரம் தலையாட்டிக் கேட்டார்.

"இது வளந்து ஆளாவுததுக்குள்ள எங்க நாடகமே முடிஞ்சிரும்மா, பெரிசையே தாங்க."

அட்டை

பேசினால்தானே வம்பு? 'பாக்கெட் ரிவால்வர்' என்று அழகாக எழுதி அட்டை மாட்டினேன். செம்பூர் மளிகைக்கடைக்காரர் ஒருவர், சங்க ஆண்டுவிழா நாடகத்துக்குத் துப்பாக்கி எடுக்க வந்தவர், நேரே அதைத்தான் காட்டினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பில் புத்தகத்தை எடுத்தேன்.

"ஒரு பாக்கெட்ல எத்தனை இருக்கும்?"

வில்லன்

அடுத்து ஒரு சீரியல் டைரக்டர். உங்கள் வில்லன் நகரத்து வியாபாரி, யானை மாதிரி ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டா வட்டிக்கடைக்குப் போவான் என்று மடக்கினேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். அவர் சின்னதைக் கையில் வாங்கி, கேமரா பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"மேடம், இதை நீட்டினா ஹீரோ பயப்பட மாட்டான், பீடி பத்தவைக்க வருவான்."

பை

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. அச்சை எடுத்து வாசலிலேயே வைத்துவிட்டார் அண்ணாச்சி. அப்போது சான்பாடாவிலிருந்து ஒரு காஸ்ட்யூம் டிசைனர் வந்தாள். கதாநாயகி உடுப்புக்குள் ஒளித்து வைக்கத் துப்பாக்கி வேண்டுமாம். சின்னதைப் பார்த்ததும் இதேதான் என்றாள். நான் அண்ணாச்சியைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் எனக்கும் அவளுக்கும் உறைத்தது. கதாநாயகியின் கவுனில் பாக்கெட் இல்லை. ஒளித்து வைக்க இடமில்லை என்று அவள் துப்பாக்கியைத் திருப்பி வைத்தாள். மொபைலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லோக்கல் ட்ரெயினில் தொங்கி வருகிறவள் நான், விடுவேனா? ஆம்பளை உடுப்பில் ஆறு பை, நமக்கு ஒன்றுகூடக் கிடையாதா, பை இல்லாவிட்டால் தைப்பதுதானே உன் வேலை என்று பிடித்துக்கொண்டேன். நான் மூச்சு வாங்குவதற்குள் பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அண்ணாச்சி அச்சைத் தூக்கி உள்ளே வைத்தார்.

ஷூட்டிங் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது. கூடவே கதாநாயகி சொல்லியனுப்பிய சேதியும்.

"துப்பாக்கிய எடுத்துட்டுப் போங்க, அந்தப் பாக்கெட்ட மட்டும் பிரிக்க விட மாட்டேன்."

ஒரு நூற்றாண்டின் ஆயுத வரலாற்றைக் கரைத்துக் குடித்து நான் இந்த ஊரில் நிலைநாட்டியது ஒரே ஒரு பாக்கெட், அதுவும் என் குர்த்தாவில் இல்லை.